டிரம்மா, கடையா, சந்தையா, நேரடியா? கொஞ்சமா தேன் எடுக்குறவங்க எங்க விக்கலாம்

தேன எடுத்து வடிகட்டி கேன்ல ஊத்தி வச்சதுக்கு அப்புறம்தான் நம்மள்ல முக்கால்வாசி பேரு இத எங்க விக்கிறதுன்னு யோசிக்கவே ஆரம்பிக்கிறோம். நானும் முதல் ரெண்டு சீசன் அப்படித்தான் பண்ணேன், அப்ப யாரு முதல்ல வந்து கேக்குறாங்களோ அவங்ககிட்ட அவங்க சொன்ன விலைக்கு குடுத்துட்டு வந்தேன். இத தேன் எடுக்குறதுக்கு முன்னாடியே முடிவு பண்ணணும்ங்க, ஏன்னா டிரம்முக்கு போற தேன், பாட்டிலுக்கு போற தேன், அடையோட வெட்டி விக்கிற தேன் மூணுக்கும் தேனீப் பெட்டியிலயே வேலை வேற வேற. அதனால பத்து பெட்டியிலேர்ந்து ஒரு அம்பது அறுவது பெட்டி வரைக்கும் வச்சிருக்குறவங்களுக்கு என்னென்ன வழி இருக்கு, எதுல என்ன கெடைக்கும் என்ன போகும்னு எனக்கு தெரிஞ்சத எழுதுறேன்.

முதல்ல ஒரு சின்ன விஷயம், இதுல ஏமாந்தவங்க நிறைய. தேன் தண்ணி மாதிரி இல்ல, ஒரு லிட்டர் தேன் கிட்டத்தட்ட 1.4 கிலோ இருக்கும். 750 மில்லி பாட்டில்ல ஒரு கிலோவுக்கு கொஞ்சம் மேலயே புடிக்கும். மொத்த வியாபாரி கிலோ கணக்குல பேசுவாரு, பக்கத்து வீட்டுக்காரங்க லிட்டர் கணக்குல கேப்பாங்க, நீங்க ரெண்டையும் ஒண்ணுன்னு நெனச்சு விலை சொன்னா லிட்டருக்கு 400 கிராம் சும்மா குடுக்குறீங்கன்னு அர்த்தம். எந்த வழிய எந்த வழியோட ஒப்பிட்டாலும் எல்லாத்தையும் கிலோவுக்கு மாத்திக்கிட்டு அப்புறம் ஒப்பிடுங்க.

மொத்த வியாபாரிகிட்ட டிரம்மா குடுக்குறத எல்லாரும் கேவலமா பேசுவாங்க, நான் அப்படி பேச மாட்டேன். 200 லிட்டர் டிரம்ல கிட்டத்தட்ட 280 கிலோ போகும், ஒரே நாள்ல வேலை முடிஞ்சுது, பாட்டில் இல்ல லேபிள் இல்ல யாருக்கும் பதில் சொல்ல வேண்டியது இல்ல. பெட்டி நிறைய வச்சிருந்து ஆள் கம்மியா இருக்குற வீட்டுக்கு அது பெரிய நிம்மதி. ஆனா அங்க விலைய நீங்க சொல்ல முடியாது. அவரு உங்க தேன நாலு எடத்து தேனோட கலந்து ஒரே நிறம் ஒரே ருசி வர்ற மாதிரி பண்ணித்தான் விப்பாரு, அதனால உங்க பூவோட வாசனைக்கு அவரு தனியா காசு குடுக்க மாட்டாரு, அவருக்கு தேவைப்படுறது ஈரப்பதமும் நிறமும் கலப்படம் இல்லன்ற லேப் ரிசல்ட்டும்தான். கோடெக்ஸ்னு சொல்ற சர்வதேச உணவுத் தரத்துல தேனுக்கு ஈரப்பதம் 20 சதவீதத்துக்கு மேல போகக்கூடாது, ஒரு சில வகைக்கு மட்டும் விலக்கு இருக்கு. அதத் தாண்டுனா தேன் புளிக்க ஆரம்பிச்சுரும், மூடி உப்பும், நுரை கட்டும். முதல் சீசன்ல நான் அவசரப்பட்டு தேனீ மெழுகு மூடாத அடையையும் சேத்து எடுத்துட்டேன். வாங்க வந்தவரு ஈரப்பதம் அளக்குற ரிஃப்ராக்டோமீட்டர்ல ஒரு சொட்டு வச்சு பாத்துட்டு 22னு காட்டுனாரு, விலைய அங்கயே கொறச்சுட்டாரு. அவரு மேல தப்பு இல்ல, நாலுல மூணு பங்காவது மூடாத அடைய தொடவே கூடாது, அது என் தப்பு. அந்த கருவி ரொம்ப வெலை இல்ல, நீங்களே ஒண்ணு வாங்கி வச்சுக்கங்க, எதிர்ல இருக்குறவருக்கு தெரியுறதுக்கு முன்னாடி உங்களுக்கு தெரியணும்.

டிரம் விக்கிறதுல இன்னொண்ணு, பூ சீசன் முடிஞ்ச உடனே எல்லாரும் ஒரே நேரத்துல கொண்டு போய் நிப்பாங்க, அப்ப விலை எறங்கத்தான் செய்யும். பாலையும் தக்காளியையும் வச்சிருக்கிறவங்க காத்திருக்க முடியாது, நம்மால முடியும். ஈரப்பதம் சரியா இருந்து, காத்து போகாம மூடி, வெயில் படாத எடத்துல வச்சா தேன் மாசக்கணக்குல அப்படியே இருக்கும். நம்ம கையில இருக்குற ஒரே பலம் அதுதான், அத யாரும் பயன்படுத்துறதே இல்ல. ரொம்ப சூடான ஷெட்ல மட்டும் போட்டு வச்சுராதீங்க, சூட்டுலயும் நாள் ஆக ஆகவும் ஹெச்எம்எஃப்னு ஒரு பொருள் ஏறும். கோடெக்ஸ்ல அதுக்கு கிலோவுக்கு 40 மில்லிகிராம்தான் வரம்பு, வெப்பமண்டல நாட்டு தேனுக்கு 80 வரைக்கும் விடுறாங்க. லேப்ல அது ஜாஸ்தின்னு வந்தா பழைய தேன், இல்லன்னா காய்ச்சுன தேன்னு எழுதிருவாங்க.

அடுத்தது கடை. கடைக்காரர் ரெண்டு விதமா எடுப்பாரு, ஒண்ணு கையில காசு குடுத்து வாங்கிக்கிறது, இன்னொண்ணு வச்சுட்டு போங்க வித்ததும் தர்றேன்ங்குறது. ரெண்டாவதுல கமிஷன் கம்மின்னு சொல்லுவாங்க, அதுல மயங்காதீங்க. வித்தா காசு, விக்கலன்னா திருப்பி எடுத்துக்கங்கன்னு இருக்குறப்ப உங்க பாட்டில முன்னாடி வைக்கணும்னு அவருக்கு என்ன அவசரம், அவரு காசு போட்ட சரக்கத்தான் கண்ணுக்கு நேரா வைப்பாரு. என் பாட்டில் ஒரு கடையில மூணு மாசம் ஜன்னலோரம் வெயில்ல நின்னுச்சு, நிறம் கறுத்து வாசனை போயி திரும்பி வந்துச்சு, அத யாருக்கும் குடுக்க மனசு வரல. அதுக்கப்புறம் பத்து பாட்டில் வாங்குனாலும் சரி காசு குடுத்து வாங்குற கடைக்குத்தான் குடுக்குறதுன்னு முடிவு பண்ணிட்டேன், அந்த மாதிரி கடை ரெண்டு இருந்தா போதும், ஏழு எட்டு கடையில வச்சுட்டு வாராவாரம் கணக்கு கேட்டு அலையுறது தேனீ வளக்குறவன் வேலை இல்ல.

கடையில விக்கிற தேனுக்கு வர்ற பெரிய பிரச்சனை உறையுறது. 14 டிகிரி பக்கம் குளிர் இருந்தா தேன் வேகமா உறையும், குளுக்கோஸ் அதிகமா இருக்குற பூ தேன்னா அதவிட கொஞ்சம் சூடான எடத்துலயும் உறைஞ்சுரும். கடுகு வகை பூ தேன் சில வாரத்துலயே கல்லு மாதிரி ஆயிரும், அகேசியான்னு சொல்ற ராபினியா மரத்து தேன்ல ஃப்ரக்டோஸ் அதிகம்ங்குறதால மாசக்கணக்குல பாகு மாதிரியே நிக்கும். இது தெரியாம வாங்குறவங்க சக்கரை கலந்துட்டான்னு சொல்லி கடைக்காரர்கிட்ட சண்டை போட்டு திருப்பி குடுத்துருவாங்க, நீங்க பக்கத்துல நின்னு விளக்கம் சொல்ல முடியாது, லேபிள்தான் உங்களுக்கு பதிலா பேசணும். அதனால லேபிள்லயே உறைஞ்சா கெட்டுப் போகல, மூடிய நல்லா மூடி 40 டிகிரிக்குள்ள இருக்குற வெந்நீர்ல கொஞ்ச நேரம் வைங்கன்னு பெருசா போடுங்க. அதோட ஒரு வயசு ஆகாத கொழந்தைக்கு குடுக்கக்கூடாதுன்னு கட்டாயம் போடுங்க, தேன்ல போட்டுலிசம்ங்குற நரம்ப பாதிக்கிற விஷ நோய வர வைக்கிற கிருமியோட வித்து இருக்க வாய்ப்பு உண்டு, பெரியவங்க வயிறு தாங்கும், பச்சக் கொழந்தை வயிறு தாங்காது. இத அழகுக்காக விட்டுட்டு, அந்த எடத்துல சளி போகும் சர்க்கரை கொறையும்னு போடுறவங்கள பாத்தா எனக்கு கோவம் வரும், அதச் சொல்றதுக்கு நாம வைத்தியம் படிச்சவங்க இல்ல.

இப்ப சந்தைக்கு வருவோம், எனக்கு அதிகம் சொல்ல இருக்குறது இதுலதான். வாரச் சந்தை, திருவிழா கடை, கண்காட்சி எல்லாத்தையும் ஒண்ணாத்தான் சொல்றேன். சந்தையில கிலோவுக்கு நல்ல விலை கெடைக்கும், மொத்த விலையப் போல ரெண்டு மடங்கு கூட சாதாரணமா கெடைக்கும், அதப் பாத்துட்டு இதுதான் வழின்னு எல்லாரும் கெளம்பிருவாங்க. ஆனா காலையில எழுந்து வண்டியில ஏத்தி, கடை போட்டு, நின்னு, திரும்ப கட்டி கொண்டு வந்து சேக்குறதுக்கு ஒரு நாள் முழுசா போகும், நல்ல நாள்ல 20 கிலோ போகும் மழை நாள்ல 3 கிலோ போகும். சந்தைக்கு நீங்க தேன் விக்க மட்டும் போனா நஷ்டம்தான், ஆளுங்கள தெரிஞ்சுக்க போனீங்கன்னா லாபம். நான் ஒரு நோட்டு வச்சிருப்பேன், வாங்குறவங்ககிட்ட அடுத்த தேன் எடுக்குறப்ப சொல்லவா நம்பர் குடுக்குறீங்களான்னு கேப்பேன், பத்துல நாலு பேரு குடுப்பாங்க. அந்த நாலு பேருதான் அன்னைக்கு சம்பாத்தியம்.

சந்தையில நின்னா ஒரு கேள்வி நாள் பூரா வரும், இது ஒரிஜினலான்னு. சிலர் கையோட ஒரு டம்ளர் தண்ணி கேப்பாங்க, தேன் அடியில போய் நின்னா ஒரிஜினல்னு, இன்னும் சிலர் தீக்குச்சிய நனைச்சு பத்த வைப்பாங்க, கட்டவிரல்ல வச்சு பாப்பாங்க. இதுல எதுவுமே ஒண்ணையும் நிரூபிக்காது, கெட்டியா காச்சுன சக்கரைப் பாகும் தண்ணியில அடியில போய்த்தான் நிக்கும். லேப்லயே இது சுலபம் இல்ல. செடி காத்துலேர்ந்து கார்பன எடுத்துக்கிற விதத்த வச்சு சி3, சி4னு பிரிப்பாங்க, கரும்பு, சோளம் ரெண்டும் சி4 வகை செடி, தேனீ போற பூவெல்லாம் பெரும்பாலும் சி3, அதனால கார்பன் ஐசோடோப் டெஸ்ட்ல கரும்புச் சக்கரையையும் சோள சிரப்பையும் புடிச்சுருவாங்க, ஆனா அரிசியிலயும் பீட்ரூட் வகையிலயும் எடுத்த சிரப் சி3ன்றதால அந்த டெஸ்ட்ல தப்பிச்சுரும், அதுக்குத்தான் தேன்ல என்னென்ன மூலக்கூறு இருக்குன்னு காந்தப் புலத்துல வச்சு பாக்குற என்எம்ஆர் மாதிரி பெரிய டெஸ்ட் வந்துச்சு. 2023ல ஐரோப்பிய ஆணையம் வெளியிட்ட ஆய்வுல, வெளிநாட்டுலேர்ந்து அங்க எறக்குமதி ஆன 320 தேன் சாம்பிள்ல 147ல கலப்பட சந்தேகம் இருக்குன்னு சொன்னாங்க, கிட்டத்தட்ட பாதி. அப்ப வாங்குறவங்க சந்தேகப்படுறதுல ஒரு தப்பும் இல்ல. அவங்க கேக்குறப்ப மூஞ்ச சுளிக்காம, டம்ளர்ல போட்டு பாக்குறத விட என் பெட்டிய வந்து பாருங்கன்னு சொல்லுங்க. எந்த மாசம் எந்த எடத்துல எடுத்தது, எந்தப் பூ அப்ப பூத்துச்சு, எத்தன கிலோ வந்துச்சுன்னு சொன்னா ஆளு முகமே மாறும். பெரிய கம்பெனிகிட்ட இந்த பதில் கெடையாது, டிரம்முல கலந்ததுக்கு அப்புறம் யாராலயும் சொல்ல முடியாது. நம்ம சரக்குக்கு ஏன் அதிக விலைன்ற கேள்விக்கும் அதே பதில்தான்.

ஆனா பூ பேரு சொல்றப்ப கொஞ்சம் நிதானம் வேணும். பக்கத்துல அந்த மரம் இருக்குன்றதுக்காக அந்த மரத்து தேன்னு பாட்டில்ல எழுதிரக் கூடாது. மகரந்தத்த எண்ணிப் பாக்குற டெஸ்ட்ல பொதுவா 45 சதவீதமாவது அந்தப் பூவோடதா இருந்தாத்தான் ஒரே பூ தேன்னு சொல்வாங்க, சில பூவுக்கு அது கூடும் கொறையும். டெஸ்ட் எடுக்கலன்னா பல பூ தேன்னு நேர்மையா போட்டுட்டு, அந்த நேரம் என்னென்ன பூத்துச்சுன்னு வாயால சொல்லுங்க.

சந்தையில கெடைச்ச அந்த நம்பருங்கதான் அடுத்த வழி, நேரடி வாடிக்கை. வீட்டுக்கு வந்து வாங்குறவங்க, வாட்ஸ்அப்ல சொல்லி வைக்கிறவங்க, ஆபீஸ்ல நாலு பேருக்கு சேத்து வாங்கிட்டு போறவங்க. ஒரு மெசேஜ் போட்டா ரெண்டு நாள்ல 40 கிலோ புக் ஆகுற நெலைமைக்கு வர எனக்கு மூணு வருஷம் ஆச்சு, ஆனா வந்ததுக்கு அப்புறம் அதுக்கு ஈடு எதுவும் இல்ல. உறைஞ்சு போனா சந்தேகப்பட மாட்டாங்க, போன தடவ கொஞ்சம் கறுப்பா இருந்துச்சே இந்த தடவ ஏன் வெளுப்பா இருக்குன்னு ஆசையா கேப்பாங்க. இதுல ஒரே ஒரு ஆபத்து இருக்கு, அத வெளிப்படையா சொல்லிரணும். தேன் தீந்துரும், இன்னும் கேட்டுக்கிட்டே இருப்பாங்க, அப்ப வெளியில ஒரு கேன் வாங்கி நம்ம லேபிள ஒட்டி குடுத்துறலாமான்னு மனசு சொல்லும். பண்ணாதீங்க, தெரிஞ்ச நண்பர் தேனாவே இருந்தாலும் அவரு பேரச் சொல்லி குடுங்க, இல்லன்னா தீந்துருச்சு அடுத்த சீசன்ல முதல்ல உங்களுக்குத்தான்னு சொல்லுங்க. தீந்துருச்சுன்னு கேட்டவங்க அடுத்த தடவ ரெண்டு பாட்டில் சேத்து சொல்லி வைப்பாங்க, இத நான் திரும்பத் திரும்ப பாத்துட்டேன்.

ஆன்லைன் பெரிய தளங்கள்ல விக்கிறத பத்தி கேக்குறவங்க நிறைய, எனக்கு அதுல பெரிய நம்பிக்கை இல்ல. தளத்துக்கு கமிஷன், கூரியர் செலவு, கண்ணாடி பாட்டில்னா உடையும் பிளாஸ்டிக்னா சூட்டுல மூடி வழியா கசியும், ஒரு பாட்டில் கசிஞ்சா கூட இருக்குற நாலு பாட்டிலும் ஒட்டிக்கிட்டு போகும். அத விட முக்கியமா, அங்க உங்க தேன் பக்கத்துலயே அதுல பாதி விலைக்கு ஒரு பாட்டில் நிக்கும், பாக்குறவங்களுக்கு ரெண்டும் ஒரே தேன்தான். வாங்குனவங்க நம்பரும் பெரும்பாலும் உங்களுக்கு வராது, அவங்க தளத்தோட வாடிக்கையாளர், உங்களோடவங்க இல்ல. வேற யார்கிட்டயும் சுலபமா கெடைக்காத ஒண்ணு உங்ககிட்ட இருந்தா மட்டும் அங்க போகலாம்.

அந்த மாதிரி என்ன இருக்குன்னு கேட்டா ரெண்டு சொல்லுவேன். ஒண்ணு அடையோட வெட்டி டப்பாவுல போட்டு விக்கிறது. தேன் எடுக்குற மிஷினே வேண்டாம், ஆனா தேனீ திரும்ப அடை கட்டணும், அதனால மொத்த தேன் கொறையும், டப்பாவுல போட்டு ஒரு நாள் ரெண்டு நாள் ஃப்ரீசர்ல வச்சு எடுத்தாத்தான் மெழுகுப்பூச்சி முட்டை சாகும், இல்லன்னா வாங்குனவங்க வீட்டுல புழு வரும். இன்னொண்ணு க்ரீம் தேன், உறையுறத சாபமா பாக்காம அதையே சரக்கா மாத்துறது. 1935ல எல்டன் டைஸ்னு ஒருத்தரு இதுக்கு காப்புரிமை வாங்குனாரு, நைசா உறைஞ்ச தேன பத்துல ஒரு பங்கு மாதிரி விதையா கலந்து 14 டிகிரி பக்கம் வச்சுட்டா மொத்தமும் வெண்ணெய் மாதிரி நைசா உறையும், கரகரன்னு இருக்காது. சூடான ஊர்ல இருக்குறவங்களுக்கு அது திரும்ப உருகிரும்ங்குறதால அனுப்புறது சிரமம், குளுமையான எடத்துக்காரங்களுக்கு நல்ல வழி.

கூட்டுறவா சேந்து விக்கிறது, முன்கூட்டியே காசு வாங்கிக்கிட்டு அறுவடை ஆனதும் தேன் குடுக்குறது ரெண்டும் இருக்கு. கூட்டுறவுல லேப் டெஸ்ட் செலவு பங்காகும், பெரிய ஆர்டருக்கு பதில் சொல்ல முடியும், ஆனா ஒரே ஒருத்தர் ஈரத் தேன கொண்டு வந்து ஊத்துனா எல்லாரோட தேனும் கெடும், அதனால உள்ள வர்ற ஒவ்வொரு கேனையும் தனித்தனியா சோதிக்கிற சங்கம்னா சேருங்க. முன்பணம் வாங்குறது எனக்கு பயம், பூ இல்லாத வருஷம், மழையில அடிச்சுட்டுப் போன வருஷம்னு வரும், அப்ப காச திருப்பிக் குடுக்க கையில வச்சிருக்கணும்.

இப்ப கணக்கு. விலைய மட்டும் பாக்காம நம்ம நேரத்தையும் சேத்து பாக்கணும். மொத்த வியாபாரி கிலோவுக்கு குடுக்குறத 100னு வச்சுக்குவோம், எந்த நாட்டு காசுன்னாலும் சரி, இது கணக்கு புரியுறதுக்காக நான் போடுறது, உங்க நம்பர நீங்க போட்டுக்கங்க. 100 கிலோவ டிரம்முல குடுத்தா 10,000, வேலை 3 மணி நேரம். சந்தையில கிலோ 220ன்னா 22,000, அதுல பாட்டில் மூடி லேபிளுக்கு 2,500, கடை வாடகை வண்டிக்கு 1,500 போனா 18,000, ஆனா பாட்டில்ல அடைக்க 10 மணி நேரம், ஆறு சந்தை நாள் 42 மணி நேரம். டிரம்ம விட 8,000 கூட, 49 மணி நேரம் கூட, அப்ப மணிக்கு 160 பக்கம். காசு குடுத்து வாங்குற கடைக்கு 150ன்னு குடுத்தா பாட்டில் போக 12,500, நேரம் 14 மணி, டிரம்ம விட 2,500 கூட 11 மணி நேரம் கூட, மணிக்கு 225 பக்கம் வருது. சந்தைய விட கடையில மணிக்கு அதிகம் வருதுன்னு முதல் தடவ போட்டப்ப நான் நம்பல, திரும்ப போட்டுப் பாத்தேன். நேரடி வாடிக்கைக்கு 200ன்னு குடுத்தா 17,500, அடைக்க 10 போன் பேசி குடுத்தனுப்ப 10, மொத்தம் 20 மணி நேரம், டிரம்ம விட 7,500 கூட 17 மணி நேரம் கூட, அப்ப மணிக்கு 440. ஆன்லைன்ல 240 போட்டாலும் கமிஷன் 48, கூரியர் பேக்கிங் 50, பாட்டில் 25 போனா கையில 117, 25 மணி நேரம் வேலை, டிரம்ம விட 1,700 கூட 22 மணி நேரம் கூட, மணிக்கு 80 கூட தேறாது. நேரடி வாடிக்கை மத்த எல்லாத்தையும் தூக்கி சாப்பிடுது, ஆனா அவங்க வானத்துலேர்ந்து குதிக்க மாட்டாங்க, சந்தையில நின்ன அந்த 42 மணி நேரத்துலதான் கெடைப்பாங்க.

அதனால என் முடிவு இப்படி. வருஷத்துக்கு 100 கிலோவுக்குள்ள எடுக்குறவங்க டிரம்மையும் ஆன்லைனையும் மறந்துருங்க, ரெண்டு மூணு சந்தைக்கு போய் நம்பர் சேருங்க, மீதி தானா போகும். 100லேர்ந்து 400, 500 கிலோ வர்றவங்க பாதிக்கு மேல நேரடியா குடுத்துட்டு மிச்சத்த காசு குடுத்து வாங்குற ஒண்ணு ரெண்டு கடைக்கு குடுங்க, வருஷத்துக்கு நாலு அஞ்சு சந்தை மட்டும் போங்க, அதுவும் வாடிக்கை கூடுற வரைக்கும். அதுக்கு மேல வர்றவங்க அடுத்த பூ சீசனுக்குள்ள தன்னால எவ்வளவு விக்க முடியும்னு கணக்கு போட்டு, மிச்சத்த டிரம்முக்கு ஒதுக்குங்க. ஆனா நல்ல வாசனை இருக்குற பேட்ச கையில வச்சுக்கிட்டு சாதாரண பேட்ச டிரம்முக்கு அனுப்புங்க, டிரம்முல ரெண்டுக்கும் ஒரே விலைதான்.

எந்த வழியில போனாலும் ஒவ்வொரு பேட்ச்லயும் ஒரு சின்ன பாட்டில் எடுத்து தேதி, எடம், ஈரப்பதம், எத்தன கிலோ, யாருக்கு போச்சுன்னு எழுதி ஒட்டி இருட்டான அலமாரியில வைங்க. போன வருஷம் ஒரு அம்மா போன் பண்ணி நீங்க குடுத்தது புளிக்குதுன்னு சொன்னாங்க. அதே பேட்ச் பாட்டில தெறந்து பாத்தேன், நல்லா இருந்துச்சு, ஈரப்பதம் 18. அப்புறம் விசாரிச்சா ஈரக் கரண்டிய விட்டு எடுத்திருக்காங்க. அவங்களுக்கு வேற பாட்டில் குடுத்துட்டு, அன்னைக்கு ராத்திரியே லேபிள்ல ஒரு வரி சேத்தேன், ஈரமில்லாத கரண்டி மட்டும் பயன்படுத்தவும்னு.